ஏழு துண்டான ஊர்ப்பெயர்

பெங்களூரில் பிரேசர் டவுன், குக் டவுன், பென்சன் டவுன் ஆகியவற்றை அண்டையாகக் கொண்ட ரிச்சர்ட்ஸ் டவுன், பழைய கண்டோன்மெண்ட் நிலப்பரப்பைச் சேர்ந்தது. 1809-ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயர் அங்கே படைமுகாம் அமைத்தபோது சென்னை மாகாணத்திலிருந்து சிப்பாய்களும் வணிகர்களும் கைவினைஞர்களும் பணியாளர்களும் உடன்வந்து குடியேறினர். 1881-இல் மைசூர் அரசு உடையார் மரபினரிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்ட பின்னும் 1947 வரை இப்பகுதி பிரிட்டிஷ் நிர்வாகத்திலேயே நீடித்ததால், தமிழ் இந்நிலப்பரப்பின் வீட்டு மொழிகளுள் ஒன்றாக வேரூன்றிவிட்டது. கன்னடம், தமிழ், உருது, ஆங்கிலம் எனப் பல எழுத்துமுறைகளில் ஒரே தெருப்பெயரும் ஒரே ஆட்பெயரும் எழுதப்படும் இத்தகைய இடத்தின் தரவுகளைக் கையாளும் எந்த மென்பொருளும், நிரல்மொழி எதை ஓர் எழுத்து என்று கொள்கிறது, எதை ஒரு சொல் என்று கொள்கிறது என்னும் கேள்விகளிலிருந்து தப்ப முடியாது. இவ்வத்தியாயம் அக்கேள்விகளை ஆராய்வதற்கு ரிச்சர்ட்ஸ் டவுன் என்ற பெயரையே சோதனைப் பொருளாக எடுத்துக்கொள்கிறது.

இப்பெயரைத் தமிழில் எழுதி, உலகெங்கும் பயன்படும் பைத்தான் மொழியிடம் கொடுத்து, இதிலுள்ள சொற்களைப் பிரித்துத் தருமாறு கேட்டால், இரண்டு சொற்களுக்குப் பதிலாக ஏழு துண்டுகள் கிடைக்கின்றன: ‘ர’, ‘ச’, ‘சர’, ‘ட’, ‘ஸ’, ‘டவ’, ‘ன’. புள்ளிகளும் இகர உகரக் குறிகளும் எத்துண்டிலும் இல்லாமல் உதிர்ந்துபோகின்றன. நிரலர் எழுதிய கட்டளையில் பிழையில்லை. ஆங்கிலப் பெயர் ஒன்றைக் கொடுத்திருந்தால் அதே கட்டளை சரியான விடையைத் தந்திருக்கும். பிழை, அக்கட்டளையைப் புரிந்துகொள்ளும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் பொறியில் உறைந்திருக்கிறது.

ரெகுலர் எக்ஸ்பிரஷன், சுருக்கமாக ரெஜெக்ஸ், என்பது குறிப்பிட்ட ஒரு சொல்லைத் தேடாமல், ஒரு வடிவத்தைத் தேடுவதற்கான குறிமொழி. ஆறு இலக்கங்கள் அடுத்தடுத்து வரும் இடம், வரியின் முடிவில் நிற்கும் சொல், ஒரே எழுத்து இரண்டு முறை வரும் இடம் என்பன போன்ற விவரிப்புகளைச் சில குறிகளால் எழுதிவிடலாம். இதன் கணித அடித்தளத்தை அமெரிக்கத் தருக்கவியலாளர் ஸ்டீபன் கிளீனி 1950-களில் நரம்பணுக்களின் வலையமைப்பை விவரிக்கும் முயற்சியில் அமைத்தார். 1968-இல் கென் தாம்சன், இக்குறிமொழியை உரைத்தேடலுக்கான நிரலாக மாற்றும் முறையைக் கட்டுரையாக வெளியிட்டார். யூனிக்ஸ் கருவிகளின் வழியாக அது எல்லா நிரல்மொழிகளுக்கும் பரவியது. பரவியபோது, பின்சாய்கோட்டுடன் ‘டபிள்யூ’ என்ற சிற்றெழுத்தைச் சேர்த்து எழுதும் ஒரு குறியும் நிலைபெற்றது. சொல்லில் இடம்பெறக்கூடிய ஓர் எழுத்து என்பது அதன் பொருள். இங்கே அது சொல்லெழுத்துக் குறி என்று வழங்கப்படும். ஆங்கில நெடுங்கணக்கின் 26 எழுத்துகள் பெரியவும் சிறியவுமாக, 10 இலக்கங்கள், அவற்றோடு ஓர் அடிக்கோடு: இந்த 63 குறிகளே தொடக்கத்தில் அதன் எல்லை. அடிக்கோடு இப்பட்டியலில் இருப்பதிலிருந்தே ஒரு செய்தி தெளிவாகிறது. இவ்வரையறை மனித மொழிகளின் சொற்களை எண்ணி வகுக்கப்பட்டதன்று. நிரல்களில் மாறிகளுக்கு இடப்படும் பெயர்களை எண்ணி வகுக்கப்பட்டது.

1991-இல் வெளிவந்த யூனிகோடு, அதாவது ஒருங்குறி, உலகின் எழுத்துமுறைகள் அனைத்துக்கும் ஒரே எண்வரிசையில் இடம் ஒதுக்கியது. தமிழுக்கு 2944 முதல் 3071 வரையிலான 128 இடங்கள் கிடைத்தன. இந்திய அரசின் இஸ்கி என்ற குறியேற்றத்தின் 1988-ஆம் ஆண்டு வடிவமே இந்த ஒதுக்கீட்டுக்கு முன்மாதிரி. அதன்படி அகரமேறிய உயிர்மெய்யே அடிப்படை. பிற உயிர்களுக்குரிய குறிகளும், உயிரை நீக்கும் புள்ளியும் அதன்பின் ஒட்டப்படும் தனி எண்கள். ‘தமிழ்’ என்ற சொல் 2980, 2990, 3007, 2996, 3021 என்று ஐந்து எண்களாகப் பதிவாகிறது. இவற்றுள் 3007 இகரக் குறி, 3021 புள்ளி. மெய்யைப் புள்ளியோடு கூடிய அடிப்படை வடிவமாகவும், உயிர் ஏறும்போது புள்ளி நீங்குவதாகவும் காணும் தமிழ் இலக்கண மரபுக்கு இவ்வமைப்பு நேர்மாறானது. 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் வேண்டும் என்ற வாதம் நெடுங்காலம் நடந்ததற்கும், தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றபோது தமிழ் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தை மாற்றுத் தரமாக உடன் அறிவித்ததற்கும் இதுவே காரணம். அவ்வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும் உலகின் கைப்பேசிகளும் தரவுத்தளங்களும் ஒருங்குறியிலேயே இயங்கும் நிலையில், திருத்தப்பட வேண்டிய இடம் குறியேற்றமன்று, அதைப் படிக்கும் நிரல்மொழியே என்பதே இவ்வத்தியாயத்தின் நிலைப்பாடு.

ஒருங்குறி ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வகைப்பாட்டையும் தருகிறது. ‘க’ போன்றவை எழுத்து என்ற வகை. இலக்கங்கள் ஒரு வகை. புள்ளியும் உயிர்க்குறிகளும் ஒட்டுக்குறி என்ற வகை. பைத்தானின் ரெஜெக்ஸ் பொறி, சொல்லெழுத்துக் குறிக்குள் எழுத்துகளையும் இலக்கங்களையும் அடிக்கோட்டையும் சேர்த்துக்கொண்டு ஒட்டுக்குறிகளை வெளியே விட்டுவிடுகிறது. ஒட்டுக்குறி வரும் இடமெல்லாம் சொல் முடிந்துவிட்டதாக அது கருதுவதாலேயே மேற்கண்ட ஏழு துண்டுகள் உண்டாகின்றன. இக்குறை பலருடைய கண்ணில் படாமல் நீடித்ததற்கும் தெளிவான காரணம் இருக்கிறது. பிரெஞ்சு, ஜெர்மன் போன்ற ஐரோப்பிய மொழிகளில் மேற்குறி ஏறிய எழுத்துகள் பெரும்பாலும் ஒரே எண்ணாக முன்கூட்டியே சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. அவற்றில் ஒட்டுக்குறி தனியாக வருவது அரிது. சோதனைக்கு அம்மொழிகளை மட்டுமே எடுத்துக்கொண்ட ஒருவருக்கு எல்லாம் சரியாக இயங்குவதாகவே தோன்றும். தமிழிலோ கன்னடத்திலோ ஒட்டுக்குறி இல்லாத வரியை எழுதுவதுதான் அரிது.

ரெஜெக்ஸ் பொறிகள் ஒருங்குறியை எவ்வாறு கையாள வேண்டும் என்று வகுக்கும் ‘யூனிகோடு தொழில்நுட்பத் தரம் 18’ என்னும் ஆவணம், சொல்லெழுத்துக்குள் ஒட்டுக்குறிகளும் அடங்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அதில் நுட்பமான ஓர் அமைப்பைக் கவனிக்க வேண்டும். ஒருங்குறியில் ‘அகரவரிசைத் தன்மை’ என்ற ஒரு பண்பு உண்டு. தமிழின் உயிர்க்குறிகள் அப்பண்பு பெற்றவை, புள்ளி பெறாதது. அந்தப் பண்பை மட்டும் நம்பிப் பொறியைத் திருத்தும் ஒருவர் ‘டவுன்’ என்பதில் உகரத்தைக் காப்பாற்றிப் புள்ளியை இழப்பார். அதனால்தான் ஆவணம் அப்பண்போடு ஒட்டுக்குறி வகை முழுவதையும் தனியே சேர்க்கிறது. பெர்ல் மொழியறிஞர் டாம் கிறிஸ்டியன்சன் 2011-இல் பைத்தானின் இம்மீறலை அதன் பிழைப்பதிவேட்டில் விரிவாகச் சுட்டிக்காட்டினார். பழைய நிரல்கள் பழைய பொருளை நம்பி இயங்குவதால் நிலையான பொறியில் இத்தகைய மாற்றம் எளிதில் நிகழ்வதில்லை. மாத்யூ பார்னெட் உருவாக்கிய ‘ரெஜெக்ஸ்’ என்ற தனித் தொகுதியை நிறுவிக்கொண்டால் பைத்தானிலும் சொல் முழுதாகவே கிடைக்கிறது. பெர்லும் ரஸ்டும் இயல்பாகவே சரியான விடையைத் தருகின்றன. ஜாவாவில் 2011-இல் வந்த ஏழாம் பதிப்பு முதல், ஒரு விருப்பத்தேர்வை இயக்கினால் அது கிடைக்கும்.

ஜாவாஸ்கிரிப்டின் நிலை வேறு. அதில் சொல்லெழுத்துக் குறி இன்றும் பழைய 63 குறிகளையே ஏற்பதால் தமிழ்ப் பெயரில் ஒரு சொல்லும் அகப்படாது. 2018-ஆம் ஆண்டுத் தரத்தில் ஒருங்குறிப் பண்புகளைப் பெயர்சொல்லித் தேடும் வசதி சேர்ந்தது. தமிழ் எழுத்துமுறையைச் சேர்ந்த எதுவும், கன்னட எழுத்துமுறையைச் சேர்ந்த எதுவும் என்று இப்போது கேட்க முடியும். இது பெரிய முன்னேற்றம். ஆனால் புதிய வசதியைக் கொண்டு ‘எழுத்து வகை’ என்று மட்டும் கேட்கும் நிரலர், பைத்தானில் நிகழ்ந்த அதே ஏழு துண்டுகளைத் தம் கையாலேயே உண்டாக்கிவிடுகிறார். ‘எழுத்து அல்லது ஒட்டுக்குறி’ என்று எழுதுவதே சரியான முறை.

இப்பிழையின் விளைவு தேடலோடு நிற்பதில்லை. இயந்திரக் கற்றலுக்குப் பெரிதும் பயன்படும் சைகிட்-லேர்ன் என்ற பைத்தான் நூலகம், உரையைச் சொற்களாகப் பிரிக்க இயல்பாகக் கையாளும் ரெஜெக்ஸ், குறைந்தது இரண்டு சொல்லெழுத்துகள் கொண்ட தொடர்களை மட்டுமே ஏற்பது. அதன் வழியே சென்றால் ரிச்சர்ட்ஸ் டவுனில் எஞ்சுவது ‘சர’, ‘டவ’ என்னும் இரண்டு துண்டுகளே. மாணவர் ஒருவர் தமிழ்ச் செய்திகளை வகைப்படுத்தும் நிரலை அந்த இயல்புநிலையிலேயே எழுதினால், அவருடைய நிரல் தமிழைக் கற்பதில்லை. தமிழின் சிதைவைக் கற்கிறது. எந்த எச்சரிக்கையும் எழாமல் ஏதோ ஒரு துல்லிய விழுக்காடும் வெளிவருவதால், தவறு நடந்ததே தெரியாமல் போகிறது. ஒரு மொழிக்குக் கணினியில் நேரும் தீங்குகளுள் இத்தகைய ஓசையற்ற தீங்கே மிகக் கடுமையானது.

எல்லைக்குறிப்பிலும் ஒரு கண்ணி உண்டு. ரெஜெக்ஸில் சதுர அடைப்புக்குள் இரண்டு எழுத்துகளை இடைக்கோட்டால் இணைத்தால், அவற்றுக்கு இடைப்பட்ட அனைத்தும் என்று பொருள். தமிழ் மாணவர் ‘க’ முதல் ‘ன’ வரை என்று எழுதினால் பதினெட்டு மெய்களின் வரிசையும் அடங்கும் என்றே எதிர்பார்ப்பார். ஒருங்குறியின் வரிசையோ இஸ்கி வழியாகத் தேவநாகரியைப் பின்பற்றுவது; அதில் ‘ந’ என்பதற்கு அடுத்தே ‘ன’ வந்துவிடுகிறது. ஆகவே அவருக்குக் கிடைப்பவை க, ங, ச, ஜ, ஞ, ட, ண, த, ந, ன என்னும் பத்து மட்டுமே. ப முதல் ற வரையிலான ஒன்பது மெய்கள் விடுபட்டு, கேட்காத ‘ஜ’ ஒன்று நுழைந்துவிடுகிறது.

இனி, எழுத்து என்ற அலகைப் பற்றி. ‘ரிச்சர்ட்ஸ் டவுன்’ என்ற பெயரின் நீளம் என்ன என்ற கேள்விக்கு மூன்று உண்மையான விடைகள் உள்ளன. படிப்பவர் கண்ணுக்கு இடைவெளியையும் சேர்த்துப் பத்து; ஒருங்குறி எண்களின் கணக்கில் 17; நினைவகத்தில் பைட்டுகளின் கணக்கில் 49. கடைசி எண், கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-இல் வடிவமைத்த யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வோர் எண்ணும் மூன்று பைட்டுகளைக் கொள்வதால் வருகிறது. படிவம் ஒன்றில் முகவரிக்கு 16 எண்கள் என்று எல்லை வைத்தால் பெயர் ‘ரிச்சர்ட்ஸ் டவுன’ என்று புள்ளியிழந்து நிற்கும். எல்லை 48 பைட்டுகள் என்றால் புள்ளியின் மூன்று பைட்டுகளில் ஒன்று வெட்டுப்பட்டு, எந்த எழுத்தாகவும் படிக்க இயலாத எச்சம் மிஞ்சும்.

படிப்பவர் காணும் அலகை ஒருங்குறி ஆவணங்கள் எழுத்துத் திரள் என்ற கருத்தாக வரையறுக்கின்றன: ஓர் அடிப்படை எழுத்தும் அதனுடன் ஒட்டியவையும் சேர்ந்தது ஒரு திரள். 2014-இல் வெளிவந்த ஸ்விஃப்ட் மொழி, எழுத்துச் சரத்தின் அடிப்படை அலகாக இத்திரளையே கொண்டது; 2022-இல் அதன் 5.7 பதிப்பில் புதிதாக அமைக்கப்பட்ட ரெஜெக்ஸும், ஏதேனும் ஓர் எழுத்து என்ற குறியை ஒரு முழுத் திரளுக்கே பொருத்துகிறது. ராக்கு மொழியும் இவ்வழியே செல்கிறது. ‘தமிழ்’ என்பதன் நீளம் அதற்கு மூன்று. பிற மொழிகளிலும் கைகொடுக்கும் நூலகங்கள் உள்ளன. தமிழில் கட்டளைகள் அமைந்த ‘எழில்’ நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை முன்னின்று வளர்த்த ஓப்பன்-தமிழ் நூலகம், பைத்தானில் தமிழ் உரையை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தருகிறது. திரளின் வரையறை எல்லா இந்திய எழுத்துகளுக்கும் ஒன்றன்று என்பதையும் சொல்ல வேண்டும். 2023-இல் வந்த ஒருங்குறி 15.1, தேவநாகரி, வங்காளம், குஜராத்தி, ஒடியா, தெலுங்கு, மலையாளம் ஆகியவற்றில் கூட்டெழுத்து முழுவதையும் ஒரே திரளாக்கியது. தமிழில் புள்ளி எழுத்து தனித்தே நிற்பதால் அவ்விதி இங்கே வேண்டியதில்லை.

அப்படியானால் எல்லா நிரல்மொழிகளும் திரளுக்கே மாறிவிட்டால் போதுமா என்றால், போதாது. தமிழ் இலக்கணமே உயிர்மெய்யை இருவகையாகக் காண்கிறது. யாப்பில் உயிர்மெய் பிரிக்கப்படாத ஓரெழுத்து. தனிக்குறிலோ தனிநெடிலோ, ஒற்றடுத்தோ அடுக்காமலோ வந்தால் நேரசை. குறிலிணையோ, குறிலும் நெடிலுமோ, அவ்வாறே ஒற்றடுத்தோ அடுக்காமலோ வந்தால் நிரையசை. இவ்விதி ஏறத்தாழ அப்படியே ரெஜெக்ஸாக எழுதத்தக்கது. ‘டவுன்’ குறிலிணை ஒற்றடுத்து வந்த நிரை என்று கண்டறிய, நிரலுக்கு ட, வு, ன் என்னும் திரள்களே வேண்டும். வகரத்தையும் உகரக் குறியையும் தனித்தனியே பார்க்கும் பொறிக்கு இக்கணக்குச் சிக்கலாகும்.

புணர்ச்சியில் நிலைமை தலைகீழாகிறது. ‘இந்தப் பூங்கா’, ‘அந்தத் தெரு’ என வல்லினம் மிகுந்த இடங்களை உரையில் கண்டுபிடிக்க வேண்டும் என்று கொள்வோம். க, ச, த, ப ஆகியவற்றுள் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதன்பின் புள்ளி, அதன்பின் இடைவெளி, அதன்பின் பிடித்து வைத்த அதே எழுத்து என்று கேட்பது மிக எளிய வழி. முன்னர் அகப்பட்டதை மீண்டும் கேட்கும் இவ்வசதிக்குப் பின்சுட்டு என்று பெயர். எண்களின் நிலையில் இயங்கும் பொறியில் இது செம்மையாகப் பொருந்துகிறது. ‘பூ’ என்பதன் தொடக்கத்தில் ‘ப’ என்ற எண் தனியாக இருக்கிறதன்றோ. திரள் நிலையில் இயங்கும் பொறிக்கோ ‘ப்’ என்பதும் ‘பூ’ என்பதும் தொடர்பற்ற இரண்டு அலகுகள். பின்சுட்டு அங்கே தோற்றுவிடுகிறது. ஸ்விஃப்டின் வடிவமைப்பாளர்கள் இயல்புநிலையைத் திரளாக வைத்து, வேண்டும்போது எண் நிலைக்கு இறங்கும் கட்டளையையும் உடன் அளித்தது அதனால்தான் பாராட்டுக்குரியது. அசை பிரிக்க ஒரு நிலை, சந்தி பார்க்க ஒரு நிலை என்று இரண்டையும் கேட்கும் மொழிக்கு, ஒன்றை மட்டும் தரும் கருவி அரைக்கருவியே. வேகத்தை உறுதிசெய்யும் பொருட்டுக் கூகுளின் ஆர்இ2 பொறியும் அதன் வழிவந்த கோ மொழியின் தொகுதியும் பின்சுட்டைத் தவிர்த்துவிட்டன. மிகும் வல்லினம் நான்கே என்பதால், அப்பொறிகளில் நான்கு கிளைகளாக விரித்து எழுதிவிடலாம்.

பல எழுத்துமுறைகளைத் தாங்குவதால் தேடல் மந்தமாகும் என்ற அச்சமும் பெரும்பாலும் தேவையற்றது. ஆர்இ2, ரஸ்ட் ஆகியவற்றின் பொறிகள் தாம்சனின் 1968-ஆம் ஆண்டு முறையையே யூடிஎஃப்-8 பைட்டுகளின் மீது இயக்குகின்றன. தமிழ் எண்கள் அனைத்துக்கும் முதல் பைட் 224. இரண்டாவது 174 அல்லது 175. கன்னடத்துக்கும் முதல் பைட் 224 தான். இரண்டாவது 178 அல்லது 179. ஆகவே இரண்டு மொழிகளும் கலந்த ஒரு முகவரிப் பட்டியலில் எது எந்த எழுத்து என்பதை, எண்ணாக மாற்றாமலே, இரண்டாம் பைட்டில் பொறி அறிந்துவிடுகிறது.

எல்லாம் திருந்திய பின்னும் எஞ்சும் ஒரு சிக்கல், கண்ணுக்கு ஒன்றாகவும் எண்ணில் வேறாகவும் இருக்கும் எழுத்துகள். ‘கொ’ என்பதன் ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் பதியலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு எண்களாகவும் பதியலாம். ஒருங்குறி இவ்விரண்டையும் சமம் என்று அறிவித்து, ஒன்றை மற்றொன்றாக மாற்றும் இயல்பாக்கம் என்ற முறையையும் தந்திருக்கிறது. ஸ்விஃப்ட் இச்சமநிலையைத் தானே பார்த்துக்கொள்கிறது. பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் நிரலரே தேடலுக்கு முன் இயல்பாக்கத்தைச் செய்ய வேண்டும். ஔகாரக் குறியின் வலப்பகுதிக்குப் பதில் ளகரத்தைத் தட்டச்சு செய்த ‘கெள’ போன்றவை இம்முறைக்குள் அடங்கா. அவை எழுத்துப்பிழைகள், திருத்தியே ஆக வேண்டும்.

ஸ்ரீ இவை அனைத்தினும் கடினமானது. ஸகரமும் புள்ளியும் ரகரமும் ஈகாரக் குறியுமாக அதைப் பதியும் வழக்கமே முதலில் இருந்தது. 2005-இல் ஒருங்குறி 4.1 கிரந்த ‘ஶ’ எழுத்துக்குத் தனி இடம் தந்த பின், அதைக் கொண்டு பதிவதே பரிந்துரைக்கப்பட்ட முறையாயிற்று. பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவமாகக் காட்டுவதால் திரையில் வேறுபாடு தெரியாது. இயல்பாக்க விதிகள் பின்னாளில் மாறக்கூடாது என்று ஒருங்குறி அமைப்பு உறுதியளித்திருப்பதால், இவ்விரண்டையும் இனி அது சமமாக்கவும் முடியாது. ஸ்ரீதர், ஸ்ரீனிவாசன், ஜெயஸ்ரீ என்ற பெயர்கள் ஒரு பட்டியலில் இரு பதிவுகளாகப் பிரிந்து கிடந்தால், எந்த நிரல்மொழியின் பொறியும் தானாக அவற்றை ஒன்றுசேர்க்காது. தேடலை எழுதுபவர் ஸ்ரீயின் முதலெழுத்துக்கு ஸகரம் அல்லது ஶகரம் என்று இரண்டு வாய்ப்புகளையும் தம் ரெஜெக்ஸில் தாமே எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.